நியூட்ரலில் விட்ட வண்டி

"அமத்திடு, ரெண்டு ரயில் கிராஸிங்காம், நேரமாகும்" என்று அவர் சொன்னதும் சாவியைத் திருப்பினேன், இன்ஜின் ஒருமுறை குலுங்கி நின்றது, நின்ற பிறகுதான் வெளியே இவ்வளவு சத்தம் இருக்கிறது என்று தெரிந்தது. பாபநாசம் தாண்டி வரும் இந்த ரயில்வே கேட்டில் எங்கள் கார்தான் முதலில் நிற்கிறது. சிவப்பும் வெள்ளையும் பூசிய கம்பி முன்கண்ணாடிக்கு நாலடி தள்ளி. பின்னால் ஒரு பஸ், அதற்குப் பின்னால் எத்தனை என்று கண்ணாடியில் தெரியவில்லை. லைசென்ஸ் வாங்கி இருபத்தாறு நாள் ஆகிறது எனக்கு, கேட் திறந்ததும் முதல் வண்டி சட்டென்று கிளம்ப வேண்டும், கிளம்பாவிட்டால் அத்தனை ஹாரனும் என் முதுகில்தான் விழும், ஆனால் இப்போது என் பயம் அது இல்லை. பக்கத்து சீட்டில் என் கணவர் கலைவாணன், மடியில் ஒரு பிளாஸ்டிக் கவர், அதற்குள் டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டு. பதினோரு மணிக்குத் தஞ்சாவூரில் அவருக்குத் தலையில் ஸ்கேன். முப்பத்து நாலு வயதில் தனக்கு மறதி நோய் தொடங்கிவிட்டது என்று அவர் நம்புகிறார். நம்ப ஆரம்பித்தது ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமைக் காலையில், கார் ஸ்டார்ட் செய்த ஒரு நொடியில். அந்த நொடிக்குக் காரணம் அவர் இல்லை, நான். நான்கு மாதமாகச் சொல்லவில்லை. இந்தக் கேட்டுக்கும் தஞ்சாவூருக்கும் நடுவில் முக்கால் மணி நேரம்கூட இல்லை.

இரண்டு பக்கமும் நடவு முடிந்த வயல், தண்ணீருக்கு மேல் நாற்று ஒரு விரல் உயரம், கொக்குகள் யாரையும் பார்க்காமல் நடக்கின்றன. வெள்ளரிப்பிஞ்சு விற்கிற அம்மா பஸ் ஜன்னல்களை முடித்துவிட்டு எங்களிடம் வந்து குனிகிறாள், முதலில் அவரைப் பார்க்கிறாள், பிறகு ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும் என்னை, அப்புறம் முகம் முழுக்கச் சிரிக்கிறாள். "பொண்ணா ஓட்டுது? அப்புடிப் போடு. சார் சொகுசா வாராக." அவர் சிரித்தபடி ஒரு பொட்டலம் வாங்கினார். இடப்பக்கம் மொபெட்டில் காலை ஊன்றி நின்ற ஒருவர், பால்கேன் இரண்டு பக்கமும் தொங்க, யாரிடமோ சொல்வதுபோல எங்களுக்குக் கேட்கும்படி, "லேடீஸ் வண்டி முன்னாடி நிக்குது, கேட்டு தொறந்தாலும் நமக்குத் தொறக்காத மாதிரிதான்" என்றார். எனக்குக் காது சுட்டது. என் கணவர் கண்ணாடியை இன்னும் கொஞ்சம் இறக்கி, கோபமே இல்லாமல், "அண்ணே, அது ஓட்ட ஆரம்பிச்சதுலேர்ந்து ஒரு கீறல் இல்ல. இடிச்சவன் நான்தான்" என்றார். மொபெட்காரர் சங்கடப்பட்டுக் கேனைத் தட்டிப் பார்த்தார். இடிச்சவன் நான்தான். இதை அவர் இப்போதெல்லாம் எல்லோரிடமும் சொல்கிறார், கடைக்கு வருகிற மெக்கானிக்குகளிடம், என் அப்பாவிடம், ஒருமுறை கல்யாண வீட்டில் சாம்பார் ஊற்ற வந்தவரிடம்கூட. மற்றவர் சொல்வதற்கு முன்னால் தானே சொல்லிவிட்டால் குறைவாக வலிக்கும்போல. ஒவ்வொரு தடவையும் நான் அவர் பக்கத்தில் நின்று, தரையைப் பார்த்துக்கொண்டு, புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு.

வெள்ளரிப்பிஞ்சில் மிளகாய்த்தூள் அதிகம். ஒன்றைக் கடித்துவிட்டு மீதியை என் கையில் வைத்தார், விரல் நுனியில் எண்ணெய்க் கறுப்பு, எத்தனை சோப்புப் போட்டாலும் அந்தக் கோடுகளில் அது தங்கிவிடுகிறது. அந்த விரல்களால்தான் எனக்கு முதன்முதலில் ஒரு பரிசு கொண்டுவந்தார். கல்யாணமாகி இருபது நாள் இருக்கும். கும்பகோணத்தில் அவருடையது மோட்டார் உதிரி பாகக் கடை, ஒருநாள் மத்தியானம் சாப்பிட வந்தவர் சட்டைப் பையிலிருந்து பழைய செய்தித்தாள் மடிப்பை எடுத்துப் பிரித்தார், உள்ளே அரை நிலா வடிவத்தில் இரண்டு சின்னத் தகடுகள். "கண்ணை மூடிக்க. விரலால தடவிப் பாரு. எது புதுசு, எது பழசு?" எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை, ஆனால் தெரியவில்லை என்று சொல்ல வெட்கம், ஒன்றைக் காட்டினேன், சரியாக இருந்தது, அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். த்ரஸ்ட் வாஷர் என்றார். இன்ஜினுக்குள் சுற்றுகிற கிராங்க் முன்னும் பின்னும் நகராமல் தாங்கிப் பிடிக்கிற தகடு. "ராத்திரி முழுக்க நின்ன வண்டியில எண்ணெய் கீழ இறங்கிப் போயிருக்கும். காலையில மொத ரெண்டு மூணு சுத்து காய்ஞ்ச சுத்து. அந்த நேரம் பார்த்துக் கிளட்சை மிதிச்சா, கிளட்சு ஸ்பிரிங்கு அத்தனை பலத்தோட கிராங்கை நெட்டித் தள்ளும், அது போய் இந்தத் தகட்டுல உரசும். ஒரு தடவைக்கு ஒண்ணும் ஆகாது. தினம் தினம் உரசுனா?" தேய்ந்த தகட்டை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார், வெள்ளி நிறம் போய் அடியில் செம்பு தெரிந்தது. அதனால் அவர் கிளட்ச் மிதிக்காமல்தான் ஸ்டார்ட் செய்வார். நிறுத்தும்போதே நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, கியர் கம்பியை இடமும் வலமும் ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் இறங்குவார். ஹேண்ட் பிரேக் போட மாட்டார், நாள் முழுக்கப் போட்டு வைத்தால் பிரேக் பிடித்துக்கொள்ளுமாம், எங்கள் ஷெட் தரை சமமாக இருப்பதால் வண்டி எங்கும் போகாது. காலையில் ஏறி, இடது காலைத் தரையில் வைத்து, சாவி. அவ்வளவுதான். நான் தகட்டைக் கையிலேயே வைத்திருந்தேன், அவர் சாப்பிட்டுக் கிளம்பிப் போன பிறகும். யாரும் எனக்கு அதுவரை உள்ளே நடக்கிற ஒன்றைப் பற்றி அவ்வளவு அக்கறையாகச் சொன்னதில்லை.

கடையில் இதற்கு எதிர்க்கட்சியும் உண்டு. நான் மதியச் சாப்பாடு கொண்டுபோன நாட்களில் ஸ்டூலில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். "மிதிச்சாதான் ஸ்டார்ட்டருக்குச் சுமை குறையும், கலைவாணா. மிதிக்காட்டி கியர் பாக்ஸு உள்ளயும் சேத்துல்ல சுத்தணும்" என்பார் மெக்கானிக் ஆரோக்கியராஜ். "அது ஊட்டிக்காரனுக்கு. குளிர்ல எண்ணெய் பாகு மாதிரி கெட்டியா இருக்கும், அவன் மிதிக்கட்டும். நம்ம ஊர்ல எண்ணெய் தண்ணி மாதிரி ஓடுது, நீ எதுக்கு மிதிக்கிற?" "சரி, கியர்ல கெடந்துச்சுன்னா?" "எதுக்குக் கெடக்குது? நான்தானே விட்டேன், எனக்குத் தெரியாதா?" "நீ விட்டே. வூட்டுல வேற யாரும் தொட்டா?" "எங்க வீட்ல யாரு தொடப் போறா?" என்று சொல்லி என்னைப் பார்த்துச் சிரித்தார். தள்ளி ஸ்டார்ட் செய்கிற வண்டிகளைப் பற்றி மட்டும் இருவரும் ஒரே கட்சி, இரண்டாவது கியரில் போட்டு ஓடவிட்டுக் கிளட்சைச் சட்டென்று விட்டால் கியர் பல்லெல்லாம் அதிரும் என்று இருவரும் ஒரே மாதிரி தலையை ஆட்டுவார்கள். பேசிக்கொண்டிருக்கும்போதே யாராவது வந்து ஒரு பாகத்தின் பெயரைச் சொன்னால், அவர் புத்தகத்தைத் திறக்காமல், எண்ணைச் சொல்லிக்கொண்டே அலமாரிக்குப் போவார். ஒன்பது இலக்கம், நடுவில் ஒரு கோடு, கடைசியில் ஓர் எழுத்து. ஆயிரக்கணக்கில் அவர் தலைக்குள் இருந்தன. நான் தாவரவியல் படித்தவள், லத்தீன் பெயர்களை மனப்பாடம் செய்யப் பட்ட பாடு தெரியும், அதனால் எனக்கு அது ஒரு அதிசயமாக இருந்தது. ஜூனுக்குப் பிறகு அவர் புத்தகத்தைத் திறக்கிறார். எண் சரியாகத்தான் வாயில் வருகிறது, இருந்தும் திறந்து பார்த்து, விரலை வைத்து, உதட்டை அசைத்து ஒப்பிட்ட பிறகுதான் அலமாரிக்குப் போகிறார். அதைப் பார்த்த அன்று சாப்பாட்டுக் கூடையோடு வாசலிலேயே நின்றுவிட்டேன்.

எங்க வீட்ல யாரு தொடப் போறா. கேட்டிருக்கலாம், எனக்கும் கத்துக்கொடுங்க என்று. கேட்டிருந்தால் அன்றே சாவியைக் கையில் கொடுத்திருப்பார், அப்படிப்பட்ட மனிதர்தான். கேட்பதற்கு எனக்கு வாய் வராது, பஸ்ஸில் இறங்கும் இடம் வந்தால்கூட இன்னொருவர் எழுந்திருக்கக் காத்திருந்து அவர் பின்னால் இறங்குகிறவள் நான். அதனால் அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம், அவர் காரை எடுக்காமல் கடைக்குப் போயிருந்தபோது, ஷெட்டுக்குப் போய்க் கதவைச் சத்தமில்லாமல் திறந்து உட்கார்ந்தேன். சாவி போடவில்லை. கிளட்சை மிதித்து, அவர் கை எப்படிப் போகும் என்று கவனித்து வைத்திருந்தபடி, ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. மூன்று எளிது, தானே போய் விழுகிறது, ரிவர்ஸ் மட்டும் விழவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது, வாயால் மெல்ல இன்ஜின் சத்தம்கூட வைத்தேன், இருபத்தாறு வயதில். திரும்பவும் முதலிலிருந்து ஆரம்பித்து ஒன்றுக்குத் தள்ளியபோது உள்ளேயிருந்து அவருடைய அக்கா கூப்பிட்டார், ஊரிலிருந்து மகளோடு வந்திருந்தார், "வதனி, குழலிக்குப் பால் ஆத்தித் தரியா?" அகப்பட்டுக்கொண்டவள்போல இறங்கி ஓடினேன். கம்பி அப்படியே இருந்தது. கம்பி அப்படியே இருந்தது என்று அப்போது எனக்குத் தோன்றவே இல்லை, நிற்கிற வண்டியில் அது ஒரு பொருட்டு என்றே தெரியாது. பால் ஆற்றினேன். நுரை நன்றாக வந்தது.

மறுநாள் காலை அவர் காரில் ஏறும்போது போன் வந்தது, யாரோ கடை வாசலில் காத்திருக்கிறார்கள், பேசிக்கொண்டே சாவியைத் திருப்பினார், கிளட்சை மிதிக்கவில்லை. கார் ஒரு மாடுபோலத் துள்ளியது. எதிர்ச் சுவரில் முட்டி நின்றது. சுவருக்கும் பம்பருக்கும் நடுவில் குழலியின் மூன்று சக்கர சைக்கிள், தகரம் மடங்கி, ஒரு சக்கரம் மட்டும் தனியே சுற்றிக்கொண்டு. குழலி அதில் இல்லை. இட்லி ஊட்டுவதற்காக அரை நிமிஷம் முன்னால்தான் நான் அவளைத் தூக்கி இடுப்பில் வைத்திருந்தேன், அவள் என் இடுப்பிலிருந்து சைக்கிளைப் பார்த்துவிட்டு அழ ஆரம்பித்தாள். அவர் இறங்கி வந்தார், முகத்தில் ரத்தமே இல்லை. "கியர்ல இருந்துருக்கு. கியர்லயே விட்டிருக்கேன். எனக்கு ஞாபகமே இல்லக்கா." நான் வாயைத் திறந்தேன். திறந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, உள்ளே காற்றுப் போனது. அதற்குள் அக்கா, "தம்பி, அப்பாவுக்கும் இப்படித்தான்டா..." என்று சொல்லிவிட்டுப் பாதியில் நிறுத்திக்கொண்டார். நிறுத்தியது இன்னும் மோசம். அங்கே இருந்த எல்லோருக்கும் மீதி தெரிந்திருந்தது. கூடத்தில் படமாக மட்டும் நான் பார்த்திருக்கிற மாமனார் ஐம்பது வயதில் ஸ்கூட்டரில் மார்க்கெட் போய், நடந்து வீட்டுக்கு வந்து, வண்டி திருட்டுப் போனதாகப் போலீஸில் எழுதிக் கொடுத்தாராம். வண்டி மார்க்கெட் வாசலிலேயே நின்றிருந்தது. எல்லோரும் சிரித்தார்கள். எட்டு வருஷம் கழித்து அவர் இறந்தபோது மகனை 'தம்பி, நீங்க யாரு வூட்டுப் புள்ள' என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

தண்டவாளம் ஓசையிடுகிறது. பாசஞ்சர் ரயில் வந்து, ஜன்னல்கள், ஜன்னல்களில் கைகள், ஒரு குழந்தையின் டாட்டா, போய்விட்டது. போனதுதான் தாமதம், எல்லா வண்டியும் ஒரே நேரத்தில் உறுமுகின்றன, நானும் பதறிப்போய்க் கிளட்சைத் தரைவரை மிதித்துச் சாவியைத் திருப்பினேன், பிடித்துக்கொண்டது. கேட் திறக்கவில்லை. கேபினிலிருந்து பச்சைக்கொடியோடு எட்டிப் பார்த்தவர் இன்னொன்று இருக்கிறது என்று விரலைக் காட்டினார். "அதான் சொன்னேன்ல ரெண்டுன்னு. அமத்து" என்றார் அவர், பக்கத்து சீட்டிலிருந்து. ரெண்டு என்று அவர்தான் சொன்னார், சொன்னது அவருக்கு நினைவிருக்கிறது, நான்தான் மறந்தேன், ஆனால் அதை அவர் கணக்கில் எடுத்துக்கொள்ள மாட்டார். ஓரக்கண்ணால் பார்த்தேன், நான் மிதித்தபோது அவருடைய இடது காலும் மிதித்திருந்தது, அங்கே மிதிக்க ஒன்றும் இல்லை, வெறும் ரப்பர் பாய். நான் ஓட்டக் கற்ற முதல் நாள் அவர் சொன்னது இதுதான். "கிளட்சை நல்லா மிதிச்சுட்டுத்தான் சாவியைத் தொடணும். எப்பவும்." தகடு தேயுமே என்று கேட்டேன். "தேஞ்சா தேயட்டும். தகடு மாத்திக்கலாம்." பல வருஷமாக ஆரோக்கியராஜோடு போட்ட சண்டையை அந்த ஒரு வரியில் விட்டுக்கொடுத்தார், அதுவும் என்னிடம். அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு அவர் ஓட்டவே இல்லை, நீ கத்துக்க என்று ஓட்டுநர் பள்ளியில் சேர்த்துவிட்டார். நான் கேட்க வெட்கப்பட்டது எனக்குக் கிடைத்தது. இப்படிக் கிடைத்தது. ஒவ்வொரு காலையும் வண்டியை எடுக்கும்போது உள்ளே எங்கோ அந்த அரை நிலா உரசுவது எனக்குக் கேட்பதுபோல இருக்கும், கேட்காது என்று தெரியும், இருந்தாலும்.

சொல்ல நினைக்காத நாள் இல்லை. என்னங்க, ஒண்ணு சொல்லணும். இப்படி ஆரம்பித்தால் அவர் கர்ப்பமோ என்று நினைத்துவிடுவார், அந்தச் சந்தோஷம் முகத்தில் வந்த பிறகு இதை எப்படிச் சொல்வது. அன்னிக்குக் கார் விஷயம். அவர் உடனே, அதை விடு, நான்தான், என்பார். முதல் நாள் சொல்லியிருந்தால் ஒரு வாக்கியம். ஒரு வாரம் கழித்து இரண்டு: செய்ததும், சொல்லாததும். இப்போது நான்கு மாதத்தையும் சேர்த்துத் தூக்க வேண்டும். அவர் திட்ட மாட்டார், அதுதான் பயம், திட்டாமல் என்னைப் பார்ப்பார், அவர் எடுத்து வந்து காட்டிய அந்தப் பழைய தகட்டைப் பார்த்தது மாதிரி, அடியில் இருக்கிற நிறத்தை. ஸ்கேனுக்குத் தேதி குறித்த பிறகு இன்னொரு நினைப்பு வந்தது, அதை நினைத்தால் எனக்கே என்னைப் பிடிக்கவில்லை: ஸ்கேன் சுத்தமாக வந்துவிடட்டும், அவர் தெளிந்துவிடுவார், நான் சொல்லவே வேண்டாம். மூன்று நாள் இந்த நினைப்போடு நிம்மதியாகச் சமைத்தேன். பிறகு அவரே தேநீர் குடித்துக்கொண்டு, "ஆரம்பத்துல ஸ்கேன்ல தெரியாதாம் வதனி. அப்பாவுக்கும் மொத ஸ்கேன் நார்மல்தான்" என்றார். தெரியாதாம். அப்படியென்றால் இன்றைக்கு நார்மல் என்று வந்தாலும் அடுத்த வருஷம், அதற்கடுத்த வருஷம், ஒவ்வொரு குடையை மறக்கும்போதும் அவர் அப்பாவின் படத்தைப் பார்ப்பார். குழந்தை வேண்டாம் என்று போன மாதம் சொன்னாரே. "நமக்கு இப்ப வேணாம். எனக்கு என்னன்னு தெரியட்டும்." சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். நான் சரி என்றேன். சரி என்று சொன்ன வாய் இது.

"வதனி, இதைக் கொஞ்சம் பாரேன்." கவரிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்து நீட்டுகிறார், கடையில் கொடுக்கிற விளம்பர நோட்டு, செருகிய பேனாவோடு. "டாக்டர் எழுதிட்டு வரச் சொன்னார். எப்ப, என்ன மறந்தேன்னு. நீ பார்த்தது எதாவது விட்டுப்போயிருந்தா சேத்து எழுது, வீட்ல இருக்கறவங்க சொல்றதுதான் முக்கியமாம்." அவருடைய சாய்ந்த கையெழுத்து, பில் எழுதுவதுபோல வரிசை எண் போட்டு, மொத்தம் பதினொன்று. குடையைப் பஸ்ஸில் விட்டது. அக்கா பிறந்தநாள். தெருமுனையிலிருந்து திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்த்தது, மூன்று முறை. வாடிக்கையாளர் ஒருவரின் பெயர். எல்லாவற்றுக்கும் மேலே, முதல் எண்ணில்: ஜூன் 14, சனி. காரை முதல் கியரில் விட்டது சுத்தமாக நினைவில்லை. குழந்தை தப்பியது. 'குழந்தை தப்பியது' என்பதன் அடியில் கோடு. நான் பேனாவை எடுத்தேன். என் கை என்ன செய்யப் போகிறது என்று எனக்குத் தெரிவதற்கு முன்னால் முதல் வரியை அடித்தேன், ஒரு முனையிலிருந்து மறு முனை வரை. "ஏய், ஏன் அடிக்கிற?" "இது உங்களுது இல்லைங்க." "என்ன?" "கியர்ல விட்டது நான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் நீங்க கடையில இருந்தீங்க. நான் ஷெட்ல போய் உக்காந்து கியர் போட்டுப் பார்த்தேன். அண்ணி கூப்பிட்டாங்க, ஒண்ணுலயே விட்டுட்டு வந்துட்டேன்." சொல்லி முடித்தேன். முடிந்துவிட்டது, இவ்வளவுதான் அது, ஒரு மூச்சு. அவர் வாய் அசைந்தது, அதற்குள் சரக்கு ரயில் வந்துவிட்டது, எதுவும் கேட்கவில்லை, நிலக்கரிப் பெட்டி, நிலக்கரிப் பெட்டி, கார் முழுக்க நடுங்குகிறது, அவர் என்னைப் பார்த்து ஏதோ சொல்கிறார், நான் உதட்டைப் படிக்கப் பயந்து பெட்டிகளையே பார்க்கிறேன்.

ரயில் போன பிறகு வந்த அமைதியில் அவர் குரல் மிகவும் மென்மையாக இருந்தது, அந்த மென்மையில்தான் எனக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. "ஸ்கேன் பயத்துல இருக்கேன்னு எனக்காகச் சொல்றியா?" "இல்லைங்க." "நீ அப்படிப்பட்டவதான். ஏதாச்சும் சொல்லித் தேத்தணும்னு நெனைப்ப." "இல்லைங்க, நெஜமா. மூணு ஈஸியா விழுந்துச்சு. ரிவர்ஸ் மட்டும் விழல." "எல்லா வண்டியிலயும் அப்படித்தான் வதனி. இப்ப ஓட்டுற, உனக்கே தெரியும்." நோட்டை என் கையிலிருந்து வாங்கி, அடித்த வரியின் மேல் விரலை வைத்துத் தடவினார். "நாலு மாசம் சொல்லாததை இன்னிக்குச் சொல்ற." என் நான்கு மாதம் எனக்கு எதிராகவே சாட்சி சொல்கிறது, நான் பயந்த வெறுப்பு வரவில்லை, அவர் என்னைச் சந்தேகிப்பது என் நல்ல மனதை நம்பித்தான், இதைவிட எந்தத் தண்டனையும் இருக்க முடியாது. "குழலிக்குப் பால் ஆத்தினேன். அண்ணியைக் கேளுங்க" என்றேன், பால் ஆற்றியதற்கு அண்ணி சாட்சி, கியருக்கு இல்லை. "நீங்க நியூட்ரல்லதான் விட்டீங்க. நம்புங்க." அவர் முன்கண்ணாடி வழியாக எங்கோ பார்த்தார், நெற்றி சுருங்கியது, கடையில் ஒரு பாகத்தின் எண்ணைத் தேடும்போது முன்பெல்லாம் சுருங்குமே, அப்படி. வலது கை முழங்காலுக்குப் போய் அங்கேயே நின்றது.

"முட்டி இடிச்சுது" என்றார். எனக்குப் புரியவில்லை. "அன்னிக்கு. ஏறி உக்காந்தப்ப முட்டி போய் ஸ்டியரிங்குக்குக் கீழ இடிச்சுது. சீட்டு முன்னாடி இருந்துச்சு." கேட்டின் மணி அடிக்க ஆரம்பித்தது. "சீட்டு நகர்ற கம்பியில ரெண்டு பல்லு முன்னாடி. பின்னாடி தள்ளலாம்னு கையைக் கொண்டுபோனேன், போன் வந்துருச்சு, கோவிந்தபுரத்துக்காரர், டிராக்டருக்கு வாட்டர் பம்பு கேட்டார், சரி அப்புறம் தள்ளிக்கலாம்னு..." என்னைத் திரும்பிப் பார்த்தார். "உன் காலுக்கு எட்டலை. நீ இழுத்துப் போட்டிருக்க." இழுத்தேனா? இழுத்திருப்பேன், இழுக்காமல் எனக்குப் பெடல் எட்டாது, இன்று காலையில்கூட இழுத்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன், ஆனால் அந்த வெள்ளிக்கிழமை இழுத்தது எனக்கு நினைவே இல்லை, நான்கு மாதம் அந்தச் சாயங்காலத்தை ஒவ்வொரு நாளும் எடுத்து எடுத்துப் பார்த்தும் அது என் கையில் சிக்கவில்லை. "எத்தனை பல்லுன்னு எனக்குத் தெரியலைங்க" என்றேன், அழுதுகொண்டு. "ரெண்டு" என்றார் அவர், சந்தேகமே இல்லாமல், புத்தகத்தைத் திறக்காமல் எண் சொல்கிற அந்தப் பழைய குரலில். பிறகு அவர் குரலும் உடைந்துவிட்டது, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார், தோள் குலுங்கியது, சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை, "நாலு மாசம்டி, படுபாவி, நாலு மாசம்" என்பது மட்டும் விரல்களுக்கு நடுவிலிருந்து வந்தது. கேட் மேலே போய்விட்டது. எதிர்ப்பக்க வண்டிகள் வர ஆரம்பித்துவிட்டன. பின்னால் பஸ்ஸின் ஹாரன் விடாமல் அலறுகிறது, மொபெட்காரர் எங்களைச் சுற்றிக்கொண்டு, "நான் சொல்லல?" என்று கத்தியபடி போகிறார், கண்ணீரில் எனக்குச் சாவியே தெரியவில்லை, தடவிப் பிடித்தேன். அவர் கையை நீட்டி, சாவியில் இருந்த என் கையின் மேல் வைத்து, அப்படியே பிடித்துக்கொண்டார். "கத்தட்டும்" என்றார். "நீ கண்ணைத் தொடச்சுக்க."